தென் கரோலினா பழைய ஆவணங்களில் தேடத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் கணவருடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறத்தில் டாக்டர். அவருடைய பெற்றோர் யாரென்று தெரியாமல் தேடல் அப்படியே நிற்கிறது.

1850 சென்சஸில் வயது 27, பிறப்பு தென் கரோலினா. 1880இல் பெற்றோர் பிறந்த மாநிலம் மட்டும் இருக்கிறது. 1840 வரைக்குமான சென்சஸில் குடும்பத் தலைவர் பெயரைத் தாண்டி வேறு பெயர் எதுவும் கிடைக்காது. தென் கரோலினாவில் திருமண உரிமம் வந்ததே 1911இல்தான். ஜார்ஜியாவில் உள்ள அகஸ்டா மருத்துவக் கல்லூரிப் பட்டியலிலும் பார்த்துவிட்டோம், இல்லை.

கையில் இருப்பது அவருடைய கணக்கு நோட்டு. பிரசவம் பார்த்ததற்கு உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறியும் சோளமும் வரவு வைத்திருக்கிறார். அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பார்த்த வைத்தியம் எஜமானர் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தப் பெயர்கள் அவர்களின் வாரிசுகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

பிறந்த மாவட்டம் தெரியாமல் தென் கரோலினா உயில்கள், நிலப் பத்திரங்களில் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?