திருகோணமலை உவர்மலை ஆம்ஸ்ட்ரோங் சிட்லி காரை ஞாபகம் இருக்கிறவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எங்கள் பெரியப்பாவின் ஆம்ஸ்ட்ரோங் சிட்லி சபயர் 346 காரைத் திருத்த எடுத்திருக்கிறேன். 1952 முதல் 1958 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்த ரகம். 3.4 லீற்றர், ஆறு சிலிண்டர். பொனட் நுனியில் ஸ்பிங்ஸ் சிலை இருக்கும், பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுடையதில் கியரை முன்கூட்டியே தெரிவுசெய்து வைத்து, பிறகு பெடலை மிதிக்க வேண்டும். சின்ன வயதில் பெரியப்பா அதைக் கையாள்வதை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

1974இல் நகரத்தில் இருந்த ஒரு வைத்தியரிடம் வாங்கியதாகச் சொல்வார். அதற்கு முன் கடற்படைத் தளத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வைத்திருந்தாராம். 1957இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தபோது விற்றுவிட்டுப் போயிருக்கலாம் என்பது என் ஊகம். லொக் புக் (காரின் பதிவுப் புத்தகம்) 1990 இடப்பெயர்வோடு போய்விட்டது. இலக்கத்தகடு, தகடுகளில் ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முந்தியது, இரண்டு ஆங்கில எழுத்துகள். அப்போது கடும் பச்சை நிறம்.

உள்துறைமுக வீதி, டொக்யார்ட் பக்கம் இந்தக் காரைக் கண்டவர்கள், அந்த வைத்தியரின் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள், இதைத் திருத்திய பழைய மெக்கானிக் ஐயாமார் யாராவது இருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள். கலியாண அல்பத்தில் பின்னால் நிற்கிற கார் என்றாலும் பரவாயில்லை, அந்தப் படம் எனக்கு வேண்டும். பெரியப்பாவுக்கு வயது 84. கண் தெரிகிற காலத்திலேயே காட்டிவிட ஆசை.