டாம்கேட் லைவுக்குப் போன பிறகு: அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்கள் (அனுபவப் பகிர்வு)

நள்ளிரவு ஷிப்ட்:
ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வரான அப்பாச்சி டாம்கேட்டை நிறுவும் முறை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. லைவில் எது உடைகிறது, ஏன், எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் இந்த இழையில் போடுங்கள். லினக்ஸ், முன்னால் வெளி ரிக்வெஸ்டுகளை வாங்கி அனுப்பும் பிராக்ஸியாக என்ஜினிக்ஸ், பின்னால் டாம்கேட் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் இதுதான் அமைப்பு.

முதலில் பலரும் கவனிக்காத ஒன்று. ஆப்களை ஏற்றவும் நீக்கவும் உதவும் மேனேஜர் ஆப்புக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்-இல் முகவரியை வடிகட்டும் வால்வ் (ரிக்வெஸ்ட் ஆப்பை அடையும் முன் ஓடும் பகுதி) ஒன்று ஏற்கெனவே இருக்கும். 127-இல் தொடங்கும் முகவரிகளுக்கும் ::1-க்கும், அதாவது அதே மெஷினிலிருந்து வருபவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. அதைப் பார்த்துவிட்டு "வெளியாள் யாரும் வர முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். என்ஜினிக்ஸ் அதே மெஷினில் ஓடினால், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் ரிக்வெஸ்டும் டாம்கேட்டின் கண்ணுக்கு 127.0.0.1-இலிருந்து வந்ததுதான். வால்வ் எல்லோரையும் உள்ளே விடும். மிச்சம் இருப்பது பாஸ்வேர்ட் மட்டும்.

சோதிப்பது எளிது. ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் டொமைனுக்குப் பின்னால் /மேனேஜர்/எச்டிஎம்எல் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 404 என்றால் மேனேஜர் எட்டவில்லை. 403 என்றால் வால்வ் வேலை செய்கிறது. யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டால் (அதாவது 401) வால்வைத் தாண்டியாயிற்று.

சரிசெய்ய, சர்வர்.எக்ஸ்எம்எல்-இல் ஹோஸ்ட் பகுதிக்குள் ரிமோட்-ஐபி வால்வைச் சேர்க்க வேண்டும். என்ஜினிக்ஸில், வந்தவரின் முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-ஃபார், எச்டிடிபி-யா எச்டிடிபிஎஸ்-ஆ என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டெட்-புரோட்டோ இரண்டு ஹெடர்களையும் அனுப்ப வேண்டும். ஹோஸ்டில் உள்ள வால்வ், ஆப்பின் கான்டெக்ஸ்ட் வால்வுக்கு முன்பே ஓடுவதால் உண்மையான முகவரி அங்கே போய்ச் சேரும். இன்டர்னல்-பிராக்ஸீஸ் மதிப்பை 127.0.0.1 என்று மட்டும் சுருக்கிவிடுங்கள். இயல்பாக அது 10, 192.168 போன்ற உள் முகவரிகள் அனைத்தையும் பிராக்ஸி என்று நம்பும். அப்படி விட்டால் அதே உள் நெட்வொர்க்கில் (லேன்) இருப்பவர் பொய் ஹெடர் அனுப்பி ஏமாற்றலாம்.

இன்னொன்று. இதைச் செய்த பிறகும் அக்சஸ் லாகில் 127.0.0.1 என்றே வரும். அக்சஸ்-லாக் வால்வில் ரிக்வெஸ்ட்-ஆட்ரிபியூட்ஸ்-எனேபில்ட் என்பதை ட்ரூ ஆக்கினால்தான் உண்மை முகவரி பதிவாகும்.

ஜாவாக்காரி:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். "என்ஜினிக்ஸில் ஆப்பின் பாதையை மட்டும்தானே திறந்திருக்கிறேன், மேனேஜர் பாதையைத் திறக்கவே இல்லையே" என்பார்கள். ஆப்பின் பாதைக்குப் பின்னால் இரண்டு புள்ளி, ஒரு அரைப்புள்ளி, சாய்கோடு, அதாவது ..;/ என்று போட்டு, அதற்குப் பின் மேனேஜர் பாதையைக் கொடுத்தால் என்ன ஆகும்? என்ஜினிக்ஸுக்கு "..;" என்பது ஏதோ ஒரு ஃபோல்டர் பெயர், ஆப்பின் பாதைக்குள்தான் இருக்கிறது, எனவே அப்படியே அனுப்பிவிடும். டாம்கேட்டோ அரைப்புள்ளிக்குப் பின் வருவதைப் பாத் பாராமீட்டர் என்று எடுத்து வெட்டிவிடும். மிஞ்சுவது ".." என்பதால் ஒரு படி மேலே ஏறி நேராக மேனேஜருக்குப் போய்விடும். இரண்டு மென்பொருளும் தங்கள் விதிப்படி சரியாகவே நடக்கின்றன. ஓட்டை நடுவில் இருக்கிறது.

ஆகவே என் கருத்து: வால்வ், ஃபில்டர் என்று மல்லுக்கட்ட வேண்டாம். லைவ் சர்வரில் வெப்ஆப்ஸ் ஃபோல்டரிலிருந்து மேனேஜர், ஹோஸ்ட்-மேனேஜர், டாக்ஸ், எக்ஸாம்பிள்ஸ் நான்கையும் அழித்துவிடுங்கள். டிப்ளாய் செய்ய (ஆப்பை ஏற்ற) வார் ஃபைலை, அதாவது ஆப் முழுவதும் அடங்கிய ஜிப் ஃபைலைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புது வாரைத் தானே ஏற்றும் ஆட்டோ-டிப்ளாய் ஆனில் இருக்கும்போது எஸ்சிபி (நெட்வொர்க் வழியாக ஃபைலை நகலெடுக்கும் கமாண்ட்) மூலம் நேராக வெப்ஆப்ஸுக்குள் அனுப்பினால், பாதி வந்த வாரையே டாம்கேட் பிரிக்கத் தொடங்கி ஜிப்-எக்ஸெப்ஷன் அடிக்கும். அதே டிஸ்க் பார்ட்டிஷனில் வேறொரு ஃபோல்டருக்கு அனுப்பி, முழுதாக வந்த பிறகு எம்வி கமாண்டால் நகர்த்துங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் எம்வி என்பது பெயர் மாற்றம் மட்டும்தான், பாதி ஃபைல் என்ற நிலையே வராது.

உபுண்டு தம்பி:
அண்ணா, ஒரு கேள்வி. டெபியன் பாக்கேஜ் வழியாகப் போட்ட டாம்கேட் 9. அப்லோட் ஃபோல்டரின் ஓனர் டாம்கேட் யூசர்தான், யாரும் எழுதலாம் என்ற 777 பர்மிஷன் கூடக் கொடுத்தாயிற்று. ஆனாலும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

நள்ளிரவு ஷிப்ட்:
தம்பி, முதலில் அந்த 777-ஐ 750-க்கு மாற்றுங்கள். அதனால் ஒரு பலனும் இல்லை. பர்மிஷன் பிரச்சினை என்றால் "பர்மிஷன் டினைட்" என்று வரும். "ரீட்-ஒன்லி" என்று வந்தால் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி தடுக்கிறது. டெபியனின் சர்வீஸ் ஃபைலில் புரொடெக்ட்-சிஸ்டம் என்பது ஸ்ட்ரிக்ட் என்று இருக்கும். ரீட்-ரைட்-பாத்ஸ் பட்டியலில் உள்ள சில ஃபோல்டர்களைத் தவிர மற்ற டிஸ்க் முழுவதும் அந்த ப்ராசஸுக்கு எழுத முடியாததாகவே தெரியும்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, சர்வீஸ் பகுதியின் கீழ் ரீட்-ரைட்-பாத்ஸ் என்று உங்கள் அப்லோட் ஃபோல்டரின் பாதையைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாக்கேஜோடு வந்த ஃபைலை நேரடியாகத் திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட்டில் போய்விடும். ஸ்ட்ரிக்ட்டையே எடுத்துவிடச் சொல்லும் பதில்கள் நிறையக் கண்ணில் படும். கேட்காதீர்கள். ஆப்பில் ஓட்டை விழுந்தாலும் தாக்குபவர் வேறு இடத்தில் எழுத முடியாமல் தடுப்பது அதுதான்.

அப்லோட் ஃபோல்டர் வெப்ஆப்ஸுக்கு வெளியே இருப்பது நல்லது. உள்ளே இருந்தால், யாராவது ஜேஎஸ்பி ஃபைலை (ஜாவா கோட் அடங்கிய பக்கம்) அப்லோட் செய்து அதை பிரவுசரில் திறந்தாலே போதும், சர்வரில் ஓடிவிடும்.

பழைய வார்:
ஒரு குறுங்குறிப்பு. டாம்கேட் 10-இலிருந்து கோடில் எழுதும் ஜாவா பாக்கேஜ் பெயர் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டது. டாம்கேட் 9-இல் ஓடிய வாரை அப்படியே 10-இல் போட்டால், வெப்.எக்ஸ்எம்எல்-இல் எழுதிய சர்வ்லெட் (ரிக்வெஸ்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்) என்றால் நோ-கிளாஸ்-டெஃப் எரர் வரும், காரணம் தெரிந்துவிடும். கோடிலேயே அனோடேஷன் (குறிப்பு) போட்ட சர்வ்லெட் என்றால் லாகில் ஒரு வரி கூட வராது, வெறும் 404 மட்டும். பழைய அனோடேஷனை டாம்கேட் கண்டுகொள்வதே இல்லை. வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற ஃபோல்டரை உருவாக்கி அதில் வாரைப் போட்டால் தானே மாற்றிக்கொள்ளும். அது தற்காலிக ஏற்பாடுதான், ஆப்பின் சோர்ஸ் கோடை மாற்றுவதே முறை. ஜாவா பதிப்பும் பாருங்கள்: 10.1-க்கு ஜாவா 11, டாம்கேட் 11-க்கு ஜாவா 17 குறைந்தபட்சம். 8.5-க்கு ஆதரவு 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

போர்ட் காவல்:
எஸ்எஸ் -எல்டிஎன்பி என்ற கமாண்டை ரூட்டாக ஓட்டி எந்தெந்த போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். டாம்கேட்டின் போர்ட்டான 8080 நட்சத்திரக் குறியோடு (எல்லா முகவரியிலும் திறப்பு) தெரிந்தால் என்ஜினிக்ஸைச் சுற்றிக்கொண்டு நேரே வர முடியும் என்று அர்த்தம். போர்ட்டைத் திறக்கும் கனெக்டர் பகுதியில் அட்ரஸ் என்பதை 127.0.0.1 என்று கொடுங்கள்.

8009 தெரிந்தால் ஏஜேபி கனெக்டர் (முன்னால் உள்ள வெப்சர்வர் டாம்கேட்டோடு பேசும் இன்னொரு வழி) ஆனில் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் வெளியான கோஸ்ட்கேட் என்ற ஓட்டை (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் சிவிஇ எண்: சிவிஇ-2020-1938) இந்த வழியாகத்தான் ஆப்புக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைல்களைப் படிக்கவிட்டது. 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் திருத்தி, கனெக்டரையே இயல்பாகக் கமென்டுக்குள் போட்டுவிட்டார்கள். ஆனால் பழைய சர்வர்.எக்ஸ்எம்எல்-ஐ அப்படியே புதிய பதிப்புக்கு எடுத்துப் போனால் கனெக்டரும் கூடவே வரும். பல நேரம் அடுத்த ஸ்டார்ட்டில் "சீக்ரெட் ரிக்வயர்ட்" என்று நின்றுவிடும். உடனே அதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லி யாராவது பதில் போட்டிருப்பார்கள். என்ஜினிக்ஸ் எச்டிடிபி-யில்தான் பேசுகிறது, ஏஜேபி வரியையே நீக்குங்கள்.

டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு: யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 8080-ஐ மூடியிருந்தாலும் டாக்கர் பப்ளிஷ் செய்த போர்ட் வெளியே திறந்தே இருக்கும். டாக்கர் தன் விதிகளைத் தானே லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிப்பட்டியலில் எழுதிக்கொள்கிறது, யூஎஃப்டபிள்யூ-வின் விதிகள் அந்தப் பாதையில் வருவதில்லை. 127.0.0.1:8080:8080 என்று முகவரியோடு பப்ளிஷ் செய்யுங்கள்.

ஜாவாக்காரி:
தமிழ் ஃபார்ம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். டேட்டாபேஸில் குப்பை எழுத்து வந்தால் உடனே டேட்டாபேஸைக் குறை சொல்லாதீர்கள். குப்பை எந்த வகை என்று பாருங்கள்.

"அம்மா" என்று அடித்தது மேலே குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக நீளமாக வந்தால், போஸ்ட் ரிக்வெஸ்டை டாம்கேட் ஐஎஸ்ஓ-8859-1 (ஐரோப்பிய எழுத்து முறை) என்று படித்துவிட்டது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். "அம்மா"வில் புள்ளி, துணைக்கால் உட்பட 5 குறியீடு, 15 பைட். அது 15 துண்டு குப்பையாக மாறும், சிலது கண்ணுக்கே தெரியாது. டாம்கேட் 9 முதல் வெப்.எக்ஸ்எம்எல்-இல் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற வரியில் யூடிஎஃப்-8 கொடுத்தால் போதும். அதற்கு முந்தையதில் கேரக்டர் என்கோடிங் ஃபில்டரை எல்லா ஃபில்டருக்கும் முதலில் வைக்க வேண்டும். முன்னால் உள்ள ஒரு ஃபில்டர் கெட்-பாராமீட்டரை ஒருமுறை அழைத்துவிட்டாலே பிறகு என்கோடிங் மாற்றிப் பயனில்லை. இந்த வகைக் குப்பை அப்படியே சேமிக்கப்பட்டிருந்தால் பைட்டுகள் அழியவில்லை, திரும்ப மாற்றி மீட்கலாம்.

கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்தே போய்விட்டது, மீட்க வழியில்லை. ஃபைலில் எழுதும்போது இப்படி ஆனால் காரணம் பெரும்பாலும் லோகேல் (சிஸ்டத்தின் மொழி, எழுத்துமுறை அமைப்பு). சிஸ்டம்டி சர்வீஸில் லேங் மாறி அமையாதபோது ஜாவா 17 வரை ஆஸ்கியாக (ஆங்கில எழுத்து மட்டும்) எடுத்துக்கொள்ளும். ஜாவா 18 முதல் உள்ளடக்கத்துக்கு யூடிஎஃப்-8 இயல்பு. ஆனால் ஃபைலின் பெயர் இன்னும் லோகேலைப் பொறுத்ததுதான். "ரசீது" என்று தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப்-ஐ அப்லோட் செய்தால் இன்வேலிட்-பாத் எக்ஸெப்ஷன் வருவது இதனால். அதனால் ஃபைல்-என்கோடிங் ஆப்ஷனை மட்டும் நம்பாமல், சர்வீஸின் என்விரான்மென்ட்டில் லேங் மதிப்பைச் சி.யூடிஎஃப்-8 என்று கொடுங்கள்.

நினைவகம்:
டாம்கேட்டின் காடலினா லாகில் ஒரு வரியும் இல்லாமல் அது செத்துப்போனால், கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜில் "கில்ட் ப்ராசஸ்" என்று தேடுங்கள், மெமரி போதாமல் லினக்ஸே கொன்றிருக்கும். 2 ஜிபி மெஷினில் ஹீப்பின் உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸ்-ஐ 2 ஜிபி என்று கொடுத்தால் இதுதான் கதி. ஹீப் (ஆப்ஜெக்டுகள் இருக்கும் மெமரி) தவிர மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்) தனி, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக் 1 எம்பி வரை தனி. மைஎஸ்க்யூஎல்-உம் அதே மெஷினில் இருந்தால் 768 எம்பி-க்கு மேல் போகாதீர்கள். எதுவும் கொடுக்காவிட்டால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் ஹீப்புக்குத் தானாக எடுப்பது மொத்த மெமரியில் கால்பங்கு.

இந்த ஆப்ஷன்களை செட்என்வ்.எஸ்எச்-இல் காடலினா-ஆப்ட்ஸ் என்ற மாறியில் போடுங்கள். ஜாவா-ஆப்ட்ஸில் போட்டால் ஸ்டாப் கமாண்டுக்கும் அதே ஆப்ஷன் போகும். கண்காணிப்புக்கான ஜேஎம்எக்ஸ் போர்ட் கொடுத்திருந்தால் நிறுத்தப் போகும் ப்ராசஸும் அதே போர்ட்டைக் கேட்டு "ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று விழுந்துவிடும்.

சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் கில் -3 கொடுத்து த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். எல்லா த்ரெட்டும் பாரோ-ஆப்ஜெக்டில் நின்றால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தீர்ந்துவிட்டது. டாம்கேட்டோடு கூடவே வரும் டிபிசிபி பூலின் (கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிரும் பகுதி) இயல்பு அளவு 8 கனெக்‌ஷன், காத்திருக்கும் நேரத்துக்கு எல்லையே இல்லை. த்ரெட்டோ 200 வரை. எட்டும் க்ளோஸ் ஆகாமல் கசிந்தால் மிச்சப்பேர் முடிவில்லாமல் நிற்பார்கள். மேக்ஸ்-வெயிட்-மில்லிஸ் மதிப்பை 10000 மில்லிசெகண்ட் என்று வையுங்கள், ரிமூவ்-அபான்டன்ட்-ஆன்-பாரோ, லாக்-அபான்டன்ட் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். கனெக்‌ஷனை எடுத்துத் திருப்பித் தராத கோட் வரி லாகிலேயே வந்துவிடும். பூலின் அளவை 100 ஆக்குவது தீர்வல்ல, கசிவு சற்றுத் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்.

உபுண்டு தம்பி:
2025 மார்ச்சில் வந்த, வெளியாள் சர்வரில் கோட் ஓட்டவிடும் ஓட்டையான சிவிஇ-2025-24813 பற்றி யாரும் சொல்லவில்லையே? இயல்பு அமைப்பில் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டுமா அண்ணா?

போர்ட் காவல்:
இயல்பு அமைப்பில் அது வேலை செய்யாது தம்பி. சாதாரண ஃபைல்களைத் தரும் டிஃபால்ட் சர்வ்லெட்டில் ரீட்-ஒன்லியை யாராவது ஃபால்ஸ் ஆக்கியிருக்க வேண்டும். வெளியாள் கோட் ஓட்டுவதற்கு, செஷனை இயல்பான இடத்திலேயே ஃபைலில் சேமிப்பதும், டீசீரியலைஸ் தாக்குதலுக்கு (சேமித்த தரவை ஆப்ஜெக்டாக மாற்றும்போது கோடை ஓட்டவைப்பது) உதவும் லைப்ரரி ஒன்று ஆப்பில் இருப்பதும் சேர வேண்டும். கான்ஃப் ஃபோல்டரின் வெப்.எக்ஸ்எம்எல்-இல் ரீட்-ஒன்லி என்று தேடுங்கள், ஆப்பின் வெப்.எக்ஸ்எம்எல்-இலும் தேடுங்கள். 2017-இல் புட் ரிக்வெஸ்ட் மூலம் ஜேஎஸ்பி ஏற்றிய சிவிஇ-2017-12617-க்கும் இதே வரிதான் வாசல். எப்படியிருந்தாலும் 9.0.99, 10.1.35, 11.0.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்குப் போய்விடுங்கள். டெபியன், உபுண்டு பாக்கேஜ் என்றால் எண் பழையதாகத் தெரிந்தாலும் திருத்தம் உள்ளே வந்திருக்கலாம், பாக்கேஜின் சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைத் தேடிப் பாருங்கள்.