யாரு வூட்டுக்கு?

நடைராசா (ஓசூர்)

ஓசூருக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு தண்ணீர் பாட்டில், நாலு வாழைப்பழம், தலைக்கு ஒரு துண்டு. ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, கரடு ஓரமாகவே அடுத்த ஊர்வரை நடப்பேன். நான் திருச்சிக்காரன். எங்களுக்கு மலை என்றால் ஊர் நடுவில் ஒன்று நிற்கும், அதோடு கணக்கு முடிந்தது. இங்கே ஒரு கரட்டைத் தாண்டினால் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்க்கிறது.

வழியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "யாரு வூட்டுக்கு?" சூளகிரிப் பக்கம் "எவரி இண்டிக்கி?" என்று தெலுங்கில் வரும். தளிப் பக்கம் "யார மனெகெ?" என்று கன்னடத்தில் வரும். யார் வீட்டுக்கும் இல்லைங்க, சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் போச்சு. அடுத்தது, "நெலம் பாக்க வந்தீங்களா?"

போன தை மாசம் ராயக்கோட்டையில் ரயிலை விட்டு இறங்கிக் கோட்டை ஏறினேன். 1791இல் கிழக்கிந்தியக் கும்பெனி மேஜர் கௌடியின் படை திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை இது. மைசூர் மேட்டிலிருந்து, இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையான பாராமகாலுக்கு இறங்கும் வழிக்குப் போட்ட பூட்டு மாதிரி நிற்கிறது. அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் மொத்தமும் கும்பெனிக்குப் போய்விட்டது. உச்சியில் நின்று கீழே பார்த்தால் இதற்கு ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்று பாடப் புத்தகம் இல்லாமலே விளங்கிவிடும். அன்றைக்குக் கீழே தெரிந்தது தக்காளித் தோட்டமும் மாந்தோப்பும்தான்.

இறங்கும்போது வழி தப்பி ஒரு மாந்தோப்புக்குள் போய்விட்டேன். போனில் வரைபடத்தைத் திறந்து, கையை நீட்டி, வடக்கு எது என்று ஒரு சுற்று சுற்றினேன். அது தப்பாகப் போயிற்று. மண்வெட்டியோடு ஒருவர் வந்து முன்னால் நின்றார்.

"அளக்க வந்தவரா?"

இல்லைங்க என்றேன். நம்பவில்லை. முந்தின வாரம் இப்படித்தான் ரெண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்பைச் சுற்றினார்களாம். அதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லையாம். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. நிலம் எடுப்பதே கம்பெனிக்குத்தானே! கடைசியில் தார் ரோடுவரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். வழி முழுக்க ஒரு பேச்சில்லை. ரோடு வந்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கா திருச்சியிலிருந்து வந்தீங்க?" என்றார்.

இதற்கு நேர்மாறாக நடந்தது தர்மபுரிப் பக்கம், கோவிலூருக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊரில். கோயில் கோபுரத்துச் சிலுவையை ஒரு மேட்டிலிருந்து பார்த்துவிட்டு, வரப்பு வரப்பாக அதை நோக்கியே நடந்தேன். மார்கழிக் கடைசி. கோயில் வாசல் புளியமரத்தடியில் நாலு பெண்கள் பச்சை மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஊறப் போட்ட கொட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பருப்பு எகிறி ஏனத்தில் விழும், தோல் விரலோடு நிற்கும். பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

"யாரு வூட்டுக்குப்பா?"

"கோயில் பாக்க வந்தேன் பாட்டி."

அவ்வளவுதான். பாட்டி எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், கோயிலுக்கு ஆள் வந்திருக்குது, சாவி எடுத்தா!" கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டே ஓடிவந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். வெயிலில் நாலு மணி நேரம் நடந்த காலுக்கு அந்தத் தரை எப்படி இருந்திருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். வெளியே வந்தபோது களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் தட்டில் இருந்தது. களியை மெல்லாதே, முழுங்கு என்று நாலு பேரும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் ஆகியும் எனக்கு அது வரவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்ததைச் சொல்லுங்கள்.

எலத்தகிரிப் பேத்தி

அந்தக் கேள்வியை விசாரணை என்று நினைக்காதீங்க அண்ணா. எங்க ஊர்ல வீட்டுப் பேரைச் சொல்லிட்டா, கேட்டவங்களே கூட்டிட்டுப் போய் விட்டுட்டுத்தான் வேற வேலை பார்ப்பாங்க. வீட்டுப் பேர் இல்லாம ஒருத்தர் பொழுது சாய வந்து நின்னா எங்க ஆயாவுக்குக் கை ஓடாது. முதல்ல ஒரு சொம்புத் தண்ணி, அப்புறம்தான் விசாரிப்பு.

இன்னொண்ணு. ஓசூர் பக்கம் சில பழைய கோயில்ல வயசானவங்க கன்னடத்துல செபம் சொல்றதைக் கேட்டிருக்கேன். 1930இல் சேலம் மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயருக்குக் கீழ வர்ற கோயில்கள் சேர்ந்த பகுதி, வந்தப்போ கும்பகோணம், மைசூர், புதுச்சேரின்னு மூணு இடத்திலிருந்தும் பிச்சுப் பிச்சு எடுத்துத்தான் சேர்த்தாங்க. 1997இல் தர்மபுரி தனியா பிரிஞ்சது. அதனால ஒரு கோயிலைப் பார்த்துட்டு எல்லாம் இப்படித்தான்னு முடிவு பண்ணிடாதீங்க.

நான் இப்போ பெங்களூர்ல இருக்கேன். ஆயா போய் எட்டு வருஷம். கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தப்பாம ஊருக்குப் போயிடுவேன். போன நவம்பர் 2, பஸ்ஸை விட்டு இறங்கி சாமந்தி மாலையோட எங்க தெருவுக்குள்ள நுழையறேன். திண்ணையில உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு, அந்த வீட்டுக்குப் புதுசா வந்த மருமக போல, என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுக் கேட்டுச்சு.

"யாரு வூட்டுக்குங்கக்கா?"

எங்க வீடு அதுக்கு நேர் எதிர்ல. பூட்டிக் கிடக்குது. கையைக் காட்டினேன், வாய் வரலை. அது உள்ள போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு.

தளி ரோடு

எல்லாம் சரி. நடக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் தளி, ஜவளகிரி, நொகனூர் காட்டு ஓரமா விடியக்காலையிலோ பொழுது சாய்ஞ்சோ நடக்காதீங்க. ராகி விளையற நேரத்துல பன்னேர்கட்டா பக்கமிருந்து யானை வரும். கூட்டமா வந்தாலாவது சத்தம் கேட்கும். ஒத்தை வந்தா பக்கத்துல நின்னாலும் தெரியாது.

நாங்க ராத்திரி பூரா பரண்ல காவல் இருக்கறவங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, விடிய அஞ்சு மணி, நல்ல பனி. ராகி வயல் ஓரமா ரெண்டு வெளிச்சம் அசைஞ்சு அசைஞ்சு வருது. தலையில லைட் கட்டிக்கிட்டு ரெண்டு பசங்க, காட்டுப் பக்கமா போறாங்க. கத்தினா யானை கேட்டுடும்னு மெதுவா இறங்கிப் பின்னாடி போய், "யாரு வூட்டுக்கு?"ன்னேன். போர்வை போர்த்தி, கையில தீப்பந்தம், நாலு நாள் தாடி. விட்டாங்க பாருங்க ஓட்டம்! நல்லவேளை, ஊர்ப் பக்கமா ஓடினாங்க. ஒரு செருப்பு இன்னும் எங்க பரண்லதான் தொங்குது.

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகக் கூடாது. குத்திராயன் மலை ஏறணும்னா வனத்துறை வழியா, கூட ஒரு ஆளோட போங்க.

நடைராசா (ஓசூர்)

தளி ரோடு அண்ணே, அந்தச் செருப்பு என்னுடையது இல்லை, சத்தியமாக.

எலத்தகிரித் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத வரவில்லை. போன ஞாயிறு மல்லசந்திரம் போனேன். பாறை மேட்டில், இரும்புக்காலத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும் இடம். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். ஒரு பலகையில் மட்டும் வட்டமாக ஓட்டை. சுற்றிலும் தலை வளைந்த கற்கள் வேலி மாதிரி நிற்கின்றன. சிலதில் உள்பக்கம் வெள்ளைக் கோட்டு ஓவியம் இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும். பக்கத்துக் கற்களில் பாதி சாய்ந்து கிடக்கின்றன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்தார். வழக்கமான கேள்வி வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இதெல்லாம் யாரு வூடுங்கம்மா?"

"பஞ்சபாண்டவரு வூடு" என்றார். பிறகு வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மழ வந்தா எங்க ஆட்டோடது."