வெட்ட வெட்டத் துளிர்க்கும் பக்தார்ன்: மினசோட்டா நண்பர்கள் உதவுங்கள்

கதிர்:
வணக்கம். மினியாபொலிஸுக்கு மேற்கே வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லைப்பக்கம் அரை ஏக்கர் ஓக் காடு. நவம்பர் பிறந்து ஓக், மேப்பிள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றன. கீழே ஆள் உயரப் புதர் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது, கொத்துக் கொத்தாகக் கறுப்புக் காய்கள். பக்கத்து வீட்டுக்காரர் பக்தார்ன் என்றார். முன்பு இருந்தவர்கள் வெட்டிய ஒவ்வொரு கட்டையிலும் ஐந்தாறு கிளைகள் கிளம்பியிருக்கின்றன. மருந்தில்லாமல் ஒழிக்க முடியுமா? அந்த இடத்தில் என்ன நடலாம்?

வனமல்லி:
முதலில் அது பக்தார்ன்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள் கதிர். இந்த ஊர்ச் செர்ரி மரத்தின் பட்டையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அவசரத்தில் அதையும் சாய்த்துவிடுகிறார்கள். ஒரு தண்டை அறுத்துப் பாருங்கள்: வெளிச்சுற்று மஞ்சள், நடுவில் நல்ல ஆரஞ்சு. கிளை நுனியில் இரண்டு மொட்டுகளுக்கு நடுவே குட்டி முள். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விரல் பருமனைத் தாண்டாத கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கலாம். குழியை மிதித்து மூடிவிடுங்கள், கிளறிய மண்ணில் கார்லிக் மஸ்டர்ட் என்ற களை வந்து உட்கார்ந்துவிடும். பெரியவற்றை அறுத்த 2 மணி நேரத்துக்குள் கட்டையில் கிளைபோசேட் அல்லது டிரைக்ளோபைர் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். பட்டைக்கு உள்பக்கத்து மெல்லிய வளையத்தில் படுவதுதான் முக்கியம். வசந்தத்தில் சாறு மேலேறும்போது தடவினால் சரியாகப் பிடிக்காது, இலையுதிர் காலமே நல்லது. மருந்து வேண்டாமென்றால் கட்டையைத் தகர டப்பாவாலோ கறுப்பு பிளாஸ்டிக்காலோ வெளிச்சம் புகாமல் மூடி, ஓரிரு வருடம் விட்டுவிடுங்கள்.

வெட்டியதோடு கைகழுவிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. மண்ணில் கிடக்கும் விதை சில வருடங்கள் வரை முளைக்கும். மேலே வெளிச்சம் திறந்ததும் கீரைப் பாத்தி போலக் கன்றுகள் கிளம்பும். அதற்குள் இந்த மண்ணின் புல்லை அடர்த்தியாக விதையுங்கள். வர்ஜினியா வைல்ட் ரை, பாட்டில்பிரஷ் புல் இரண்டும் ஓக் நிழலில் நன்றாக வரும். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான்: நெருக்கமான நிழலில் பக்தார்ன் கன்று திணறும். அப்புறம் ஹேசல்நட், பகோடா டாக்வுட், நானிபெர்ரி, எல்டர்பெர்ரி போன்ற இந்த ஊர்ப் புதர்களை நடுங்கள். மான் கடிக்காமல் கம்பி வலை கட்டாயம்.

ஏரிக்கரை:
பறவைகள் அந்தக் காயைத் தின்கின்றனவே, அவற்றுக்கு உணவு இல்லாமல் போகாதா?

வனமல்லி:
அந்தக் காய் வயிற்றைக் கலக்கும். தின்ற பறவை போகிற இடமெல்லாம் விதையை விட்டுவிட்டுப் போகிறது. 1800களின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்த செடி இப்படித்தான் காட்டுக்குள் புகுந்தது. நான் சொன்ன டாக்வுட், நானிபெர்ரி காய்களைப் பறவைகள் விரும்பித் தின்னும்.

வயல்வெளி:
விவசாயிகளுக்கும் இது தலைவலி. சோயா அசுவினிப் பூச்சியின் முட்டைகள் குளிர்காலத்தைக் கழிப்பது பக்தார்னில்தான். ஓட்ஸ் துரு நோய்க்கும் இதுவே இருப்பிடம்.

கதிர்:
நன்றி அக்கா. அரை ஏக்கரையும் இந்தக் குளிருக்குள் முடிக்க ஆளில்லை. எங்கே தொடங்குவது?

வனமல்லி:
காய் பெண் செடியில் மட்டும்தான். இலை கொட்டுவதற்குள் காயுள்ளவற்றுக்கெல்லாம் ரிப்பன் கட்டிவையுங்கள், அவற்றை முதலில் அறுங்கள். மற்றவை அடுத்த வருடம்.