கண்ணசைவு மட்டும் எஞ்சியபோது

ஆயர் ஈத்தாம், பினாங்கு

என் பெரிய மாமாவுக்கு, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோய் வந்தபோது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போன வலக்கையில்தான் அது தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் நடையும் பேச்சும் விழுங்குதலும் போய்விட்டன. கண்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நிறமற்ற பிளாஸ்டிக் தகட்டில் 12 உயிரெழுத்துகளையும் 18 மெய்யெழுத்துகளையும் எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடிப்போம்; அவர் நோக்கும் மெய்யையும் உயிரையும் எதிர்ப்புறமிருந்து நாங்கள் கூட்டிப் படிப்போம். ‘கோப்பி’ என்று கேட்க ஐந்து பார்வைகள் போதும். விழுங்க முடியாத நாளிலும் அதைக் கேட்பார். அத்தை பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுவார்.

கண் ஏன் தப்பியது? விழியைத் திருப்பும் ஆறு தசைகளில் ஐந்தை இயக்கும் நரம்பணுக்கள் நடுமூளையில் இருக்கின்றன. தண்டுவடத்து இயக்க நரம்பணு ஒன்று நூற்றுக்கணக்கான தசையிழைகளைச் சுமக்கும்போது, இவற்றில் ஒன்று சில இழைகளையே ஆள்கிறது. அதோடு, உள்ளே பாயும் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் இவற்றில் மிகுதி. நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட் அளவுமீறித் தூண்டும்போது பெருகும் கால்சியத்தைத் தாங்க, அப்புரதங்கள் குறைந்த தண்டுவட அணுக்களால் இயல்வதில்லை. இவையும் சாகாவரம் பெற்றவை அல்ல: மூச்சுக் கருவியின் துணையோடு பல்லாண்டு வாழ்ந்த நோயாளிகள் சிலருக்குக் கண்ணசைவும் நின்றிருக்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்

ஐயா, எங்கள் அம்மாவுக்குக் கண்ணில்தான் முதலில் தொல்லை வந்தது. படி இறங்கும்போது காலடியைப் பார்க்க இயலாமல் நின்றுவிடுவார். தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் பின்பக்கமாக விழுவார். ஓராண்டுக்கு மேல் பார்க்கின்சன் மாத்திரையே கொடுத்தார்கள், பயனில்லை. பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவர் பி.எஸ்.பி. என்றார்: ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி ஆகிய மூவர் 1964இல் விவரித்த, டாவ் புரதம் திரண்டு நடுமூளையைச் சுருக்கும் நோய்.

உங்கள் மாமாவுக்குத் தப்பிய அதே அணுக்கள்தாம் அம்மாவுக்கு அழிந்துவிட்டன என்று நினைத்தேன். மருத்துவர் மறுத்தார். தம் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தலையை மெல்ல மேலே நிமிர்த்தினார். அதுவரை எவ்வளவு சொல்லியும் கீழே இறங்காத விழிகள் தாமாக இறங்கி அவர் மூக்கிலேயே நின்றன. பழுது, விழியை மேலும் கீழும் திருப்ப ஆணையிடும் மேலடுக்கு அணுக்களில். தசையை இழுக்கும் அணுக்கள் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தன.

அன்று முதல் அம்மாவின் சோற்றுத் தட்டைத் தாழ வைப்பதில்லை. மார்பு உயரத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் வைக்கிறோம்.