புதுப்பிப்பு: லிஸ்ப் ஒப்ஜெக்ட் களஞ்சியமும் தமிழ் அகரவரிசையும்

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் புத்தகக்கடையின் இருப்புப் பதிவேட்டைக் கொமன் லிஸ்ப் என்ற நிரல் மொழியில் எழுதிவருவதையும், ஒவ்வொரு ஒப்ஜெக்டும் (விவரங்களைத் தாங்கும் தரவுப் பொருள்) தனிக் கோப்பாக இருந்ததால் காலையில் நிரல் ஆமை வேகத்தில் எழும்புவதையும் முன்பு கூறியிருந்தேன்.

இப்போது எல்லா மாற்றங்களும் ஒரே கோப்பின் இறுதியில் மட்டுமே சேர்கின்றன. ஒப்ஜெக்டில் ஒரு விவரம் இருக்கும் இடமான ஸ்லொட்டின் மதிப்பு மாறும் கணத்தை, ஒப்ஜெக்டுகள் இயங்கும் விதத்தையே மாற்ற உதவும் மெட்டாஒப்ஜெக்ட் புரொட்டோகோல் வழியாக இடைமறித்து (மொழியின் 1994ஆம் ஆண்டு ஆன்சி தரத்தில் அது இல்லை, ஆனால் எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலர் தருகிறது), ஒப்ஜெக்ட் எண், ஸ்லொட்டின் பெயர், புதிய மதிப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்புத் தொகையுடன் (பதிவு சிதைந்ததா எனக் காட்டும் எண்) எழுதுகிறேன். சென்ற வாரம் மின்சாரம் நின்று கடைசிப் பதிவு பாதியில் அறுந்தபோது, தொகை பொருந்தாத அந்த வால் மட்டுமே வெட்டப்பட்டது. ஒரே எண்ணுக்கு நினைவகத்தில் இரு ஒப்ஜெக்டுகள் உருவாகும் சிக்கலை, எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஒப்ஜெக்டைத் தரும், ஆனால் வேறெங்கும் பயன்படாதவற்றை இறுகப் பிடித்துவைக்காத ஹாஷ் அட்டவணை தீர்த்தது.

உண்மையான தலைவலி நூல்களைத் தேட உதவும் இன்டெக்ஸில்தான் இருந்தது. 'ம' என்று தட்டினால் அதில் தொடங்கும் நூல்கள் வரிசையாக வரவேண்டும் என்பதால் வரிசை காக்காத ஹாஷ் உதவாது, திறவுகோல்களை வரிசையாக அடுக்கிவைக்கும் பி-மரம் வேண்டும். ஆனால் கணினி எழுத்துகளுக்கு யூனிகோட் தரம் தரும் எண்களின் வரிசை 'மனம், மரம், மறதி' என அடுக்குகிறது. நம் அகரவரிசையோ 'மரம், மறதி, மனம்'. புள்ளிக் குறியின் எண் பெரிதென்பதால் 'பக்தி'யும் 'பகல்'லுக்குப் பின்னே தள்ளப்பட்டது. ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் மெய்யின் வரிசை எண், உயிரின் வரிசை எண் (புள்ளிக்குச் சுழியம், அகரத்துக்கு ஒன்று) எனப் பிரித்து, அந்த எண்களையே மரத்தின் திறவுகோலாக வைத்தேன்.

பழைய மதிப்புகளை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை.