புதுப்பிப்பு: கரடிக்கான தொல் ஸ்லாவியச் சொல்லில் அந்த ‘வ்’ எங்கிருந்து வந்தது?

முன்பு நான் கேட்டது: தொல் ஸ்லாவிய (ரஷ்யன், செக், போலிஷ் முதலியவற்றின் மூதாதை மொழி) *மெத்வேதி (கரடி; உடுக்குறி, ஊகித்து மீட்ட வடிவம் என்பதைக் காட்டும்) என்பதன் பின்பாதி ‘அறிதல்’ வினையா, ‘தின்னுதல்’ வினையா? சொல் எந்த ஈற்று வகை? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முடிச்சு அவிழ்ந்தது.

கைகொடுத்தது, சமஸ்கிருத யண் சந்தியை (உயிருக்கு முன் உகரம் ‘வ்’ ஆகும் புணர்ச்சி) பார்க்கச் சொன்ன யோசனைதான். மது + அத் = மத்வத், தேன் தின்பது. ரிக் வேதத்திலேயே (1.164) உண்டு, ஆனால் அங்கே பறவைகளுக்கு. ஸ்லாவியத்திலும் தேனுக்கான பெயர் பழைய உகர ஈறு, *மெது. பின்னால் *ஏத் (தின்) வந்ததும் உகரம் ‘வ்’ ஆகிவிட்டது. ஆக, ‘வேத்’ (அறி) என்று வெட்டி ‘தேன் இருக்குமிடம் அறிந்தது’ என்று சொல்வது பிற்கால ஜோடனை. கேட்க அழகாக இருப்பதால் இன்னும் உலவுகிறது.

இலக்கணம்: ஆண்பால், இகர ஈறு. ஈற்றில் யகரம் இருந்திருந்தால் ரஷ்யனில் தகரம் ஒலிப்புள்ள ஷகரமாக மாறியிருக்கும். ‘கரடியின்’ என்னும் பெயரடை மெத்வேஷியில் அதுதான் நடந்தது. பெயர்ச்சொல்லில் தகரம் அப்படியே நிற்கிறது. பின்னாளில் ஆறாம் வேற்றுமை ரஷ்யனில் மெத்வேத்யா என மென்வகைக்கும் (ஈற்று மெய் மென்மையாக ஒலிக்கும் பெயர்களின் வகை), செக்கில் மெத்வேதா என வன்வகைக்கும் (அப்படி மென்மையாகாத வகை) போய்விட்டது.

எதிர்பாராதது: உக்ரைனியனில் எழுத்துகள் இடம் மாறி வெத்மித். போலிஷில் முதல் மகரம் நகரமானது. பழைய செக்கிலும் அந்த நகர வடிவம் உண்டு. கால்பந்து வீரர் பாவெல் நெத்வேத்தின் குடும்பப் பெயர் அதுவே.